சட்டகம் விழாத இடங்கள்

திண்டுக்கல்லுக்கு நான் அழைக்கப்பட்டுச் சென்றேன். ஒரு மேய்ச்சல் நிலத்தைக் காப்பாற்றுவதற்காகச் சென்றதாகப் பின்னர் சிலர் புகழ்ந்து பேசினார்கள். அது சரியன்று. என் பழைய அறிக்கை ஒன்றைக் காப்பாற்றவே சென்றேன். நடந்ததை நானே எழுதிவிடுவது முறை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

எழுபத்து நான்கு வயதில் கும்பகோணத்தை விட்டு நான்கு நாள் வெளியூரில் தங்குவதற்கு வலுவான காரணம் வேண்டும். எனக்கு வந்த காரணம் ஒரு கடிதம். அனுப்பியவர் முனைவர் ரேவதி, திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவர். என்னிடம் நேரடியாகப் படித்தவர் அல்லர். நான் எழுதிய களக் கையேட்டைப் படித்தவர். அய்யலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரின் மேய்ச்சல் புறம்போக்கைச் சரக்குக் கிடங்கு கட்டுவதற்காகக் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் எழுதியிருந்தார். அந்நிலத்தில் தாவர வளம் இல்லை என்பதற்குச் சான்றாகக் கோப்பில் இருப்பது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அறிக்கை. ஆடு வளர்க்கும் ஊரார் அதை மறுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அறிக்கை எழுதியவரே வந்து நிலத்தை மறுபடி ஆய்ந்து சொல்லட்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன.

என் அறிக்கை நிற்கும் என்பதில் எனக்கு ஐயம் சிறிதும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இறங்கியபோது மலைக்கோட்டைப் பாறை தை மாதப் பனிக்குள் பாதி மறைந்திருந்தது. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் என் விடுதி அறைக்குத் தரப்பட்ட பூட்டு வடநாட்டுப் பூட்டாக இருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன். "நம்ம ஊருப் பூட்டெல்லாம் வெளியூருக்குப் போயிருச்சு சார். அதான் வெளியூருப் பூட்டு இங்கிட்டு வந்திருச்சு" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். அவர் சிரிக்கவில்லை, ஆகவே நானும் சிரிக்கவில்லை.

ரேவதி ஏற்பாடு செய்திருந்த ஆட்டோ ஓட்டுநர் காஜா மைதீன் பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். நான் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பொருளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, சன்னல் கம்பியா?" என்றார்.

"சதுரச் சட்டகம். நிலத்தில் வைப்பது."

"படத்துக்கு ஃப்ரேம் போடுவாங்க, தெரியும். நெலத்துக்கே போட்டுட்டீங்களா?"

பக்கத்துக்கு அரை மீட்டர் நீளமுள்ள இரும்புச் சட்டகம் அது. எங்கள் கல்லூரிப் பட்டறையில் நான் நின்று பற்றவைக்கச் செய்தது. வேறு சட்டகத்தால் எண்ணிய கணக்கை என் கணக்கோடு ஒப்பிடக் கூடாது என்பதால் ரயிலில் முழங்காலில் இடிபட்டும் அதையே சுமந்து வந்தேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிலத்தில் வளரும் ஒவ்வொரு செடியையும் எண்ண இயலாது. ஆகவே சட்டகத்தைப் பல இடங்களில் வைத்து, அதற்குள் அடங்கும் செடிகளை மட்டும் இனம் கண்டு எண்ணி, அவற்றைக் கொண்டு முழு நிலத்தையும் கணிக்கிறோம். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. சட்டகம் எங்கே விழ வேண்டும் என்பதை ஆய்வாளர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தால், தான் பார்க்க விரும்பியதையே பார்ப்பார். எங்கள் காலத்தில் நிலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் சட்டகத்தைப் பின்புறம் வீசுவோம். விழுந்த இடமே ஆய்விடம். நிலத்தின் எல்லாப் பகுதிக்கும் சம வாய்ப்பு என்று இதைக் கற்பித்தோம். அறிக்கைகளிலும் அவ்வாறே எழுதினோம்.

அன்று மாலை நாகல் நகரில் ரேவதியின் வீட்டில் சிற்றுண்டி. சோளத் தோசையும் தக்காளிச் சட்டினியும். எங்கள் பக்கத்து அரிசித் தோசைக்குப் பழகிய நாவுக்கு அது சற்று முரடாகத்தான் இருந்தது. இரண்டுக்கு மேல் கேட்டு உண்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன். உண்டு முடித்ததும் ரேவதி கோப்பிலிருந்த அறிக்கையின் நகலைத் தந்தார். கடைசிப் பக்கத்தில் என் வாக்கியம் இருந்தது: "இந்நிலத்தில் பல்லாண்டு வாழும் புல்லினம் எதுவும் காணப்படவில்லை, நிலையான மேய்ச்சலுக்கு இது உகந்ததன்று." நன்கு அமைந்த வாக்கியம் என்று அப்போதும் நினைத்தேன்.

புதன்கிழமை காலை மூவரும் புறப்பட்டோம். அய்யலூரைத் தாண்டி மண்சாலையில் திரும்பியதும் ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. காஜா இறங்கிச் சக்கரத்திலிருந்து விரல் நீள முள் ஒன்றைப் பிடுங்கி என்னிடம் காட்டினார். "முள்ளு இல்லாத எடமாப் பாத்துத்தான் சார் ஓட்டினேன். அது நம்மளப் பாத்து வருது."

அவர் சக்கரம் மாற்றி முடிக்கும் வரை எதிரே இருந்த கூரைக் கடையில் அமர்ந்தோம். கம்மங்கூழ் மட்டுமே இருந்தது. "வெஞ்சனம் என்ன வைக்க? மோர்மொளகா இருக்கு, சின்ன வெங்காயம் இருக்கு, கருவாடு இருக்கு" என்று கடைக்காரப் பெண்மணி கேட்டார். கருவாட்டைத் தவிர மற்ற இரண்டும் பெற்றேன். காவிரிக் கரையில் பிறந்தவன் கூழைப் பசிக்காக அன்றி மரியாதைக்காகவே குடிப்பான் என்று எண்ணியிருந்தேன். அன்று அப்படிக் குடிக்கவில்லை.

மேய்ச்சல் நிலம் முன்பு பார்த்தபடியே இருந்தது. செம்மண் மேடு, சுக்கான் கல், ஆங்காங்கே வெள்வேல மரம், இடையிடையே சங்கமுள் புதர்கள். சங்கமுள் என்பது இடுப்புயரம் வளரும் புதர். கணுவுக்குக் கணு நான்கு முட்கள். புதர்களுக்கு இடைப்பட்ட வெளியில் கொழிஞ்சி, நெருஞ்சி, ஆவாரை, எருக்கு. அனைத்தும் ஆடு விரும்பாதவை, அல்லது தரையோடு தரையாக ஒட்டிக் கிடப்பவை. சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று மனத்துக்குள் ஒரு நிறைவு வந்தது.

முப்பது, நாற்பது வெள்ளாடுகளோடு அங்கே நின்றிருந்தவர் வெள்ளையம்மாள். ஐம்பது வயதைக் கடந்தவர். விசாரணையில் ஊராருக்காகப் பேச ஒப்புக்கொண்டவர் அவரே என்று ரேவதி அறிமுகப்படுத்தினார். கையில் கொக்கி கட்டிய நீண்ட தொரட்டி. உயரத்திலுள்ள வேலங்கிளையை வளைத்து ஆட்டுக்கு உதிர்ப்பதற்கானது.

என் தோள் வீச இடம் தராததால் காஜா முன்வந்தார். முதுகைக் காட்டி நிற்கவைத்து, எங்கே விழும் என்று எண்ணாமல் வீசும்படி சொன்னேன். "எங்க விழும்னு நெனச்சு நான் பந்து போட்டதே இல்ல சார். அதனாலதான் டீம்ல சேக்கல" என்றார். முதல் மூன்று வீச்சும் வெளியில் விழுந்தன. நான் எண்ணினேன், ரேவதி எழுதினார்.

நான்காம் வீச்சு சங்கமுள் புதரின் நடுவில் போய்ச் சிக்கியது.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே வெள்ளையம்மாள் தொரட்டியை நீட்டிச் சட்டகத்தைக் கொக்கியில் மாட்டி இழுத்து என்னிடம் கொடுத்தார். "இந்தாங்க வாத்தியாரய்யா. மறுபடி எறிங்க."

"மறுபடி எறிவோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன? நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல காலேசுப் பயலுக ஒரு பஸ்ஸு நெறைய வந்து எறங்கினாங்க. இதே கம்பியத்தான் எறிஞ்சுக்கிட்டுத் திரிஞ்சாங்க. முள்ளுல விழுந்துச்சுன்னா 'அக்கா, தொரட்டி குடுங்கக்கா'ன்னு ஓடியாருவாங்க. எம்புட்டு வாட்டி எடுத்துக் குடுத்திருக்கேன்! குல்லா போட்ட சாரு ஒருத்தரு வேலமரத்து நெழல்ல நின்னுக்கிட்டு, 'வெளியில எறி, வெளியில எறி'ன்னு சத்தம் போடுவாரு."

காஜா என் தலையைப் பார்த்தார். அன்றும் நான் தொப்பி அணிந்திருந்தேன்.

வெள்ளையம்மாள் நிறுத்தவில்லை. "நானும் அப்பவே நெனச்சேன். ஆடு மேயுற எடத்துல போயி புல்லு இருக்கான்னு பாத்தா எப்பிடிய்யா இருக்கும்? ஆட்டுக்கு வாயி போகாத எடத்துலதானே இருக்கும்? எங்க வெள்ளாடுகூட முள்ளுக்குள்ள மூஞ்சிய விட்டு ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுத்தான் திரும்பும். உங்க கம்பி அதுகூடப் பாக்க மாட்டேங்குதே!"

ரேவதி எழுதுவதை நிறுத்திவிட்டுக் குனிந்தபடி நின்றார். நான் ஒரு கையைத் தரையில் ஊன்றி, முழங்காலிட்டுப் புதருக்கு அடியில் பார்த்தேன். நிழலுக்குள் கதிர் முற்றிய கொழுக்கட்டைப் புல் நின்றிருந்தது. தாவரவியல் படித்தவர்கள் அதை அறிவார்கள். ஒரு மழைக்கு முளைத்து மடியும் புல்லன்று. தூர்கட்டி ஆண்டுக்கணக்கில் வாழ்வது. ஆடு மாடுகளுக்கு அதைவிட நல்ல மேய்ச்சல் இந்த வறண்ட சமவெளியில் குறைவு.

"அது வெதப் புல்லுய்யா" என்றார் வெள்ளையம்மாள். "முள்ளுக்குள்ள இருக்கது இருந்துக்கிட்டே இருக்கும். மழ பேஞ்சா அங்கிட்டிருந்து வெத பறந்து காடு பூராம் மொளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில வந்து பாருங்க, கால் வைக்க எடம் இருக்காது. ஆடுக ரெண்டு மாசத்துல வழிச்சுத் தின்னுரும். மறுபடி முள்ளுக்குள்ள இருக்கதுதான் எங்களுக்குக் காவலு."

அதற்குமேல் அன்று ஒன்றும் எண்ணவில்லை. வெயிலைக் காரணம் சொன்னேன்.

மறுவீச்சு விதி எந்த நூலிலும் இல்லை. நான் உண்டாக்கியது. முதல் ஆண்டுக் களப்பயணத்தில் ஒரு மாணவனின் பாதத்தில் முள் ஏறிக் கால் வீங்கிவிட்டது. அவனுடைய தந்தையார் கல்லூரி முதல்வர் அறையில் நின்று என் பெயரைச் சொல்லிச் சத்தமிட்டார். அடுத்த ஆண்டு முதல், முட்புதரில் விழுந்தால் எடுத்து மறுபடி வீசுக என்று விதித்தேன். கையேட்டில் குறிப்புகளுக்கிடையே ஒரு வரியாக அது இடம்பெற்றது. மாணவர் பாதம் கருதிச் செய்ததில் தவறில்லை என்று இன்றும் கருதுகிறேன். அறிக்கையிலோ, நிலம் முழுவதற்கும் சம வாய்ப்பளித்து ஆய்ந்ததாக எழுதினேன். மறுவீச்சைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பிழை அங்கேதான் இருந்தது. அதை எழுதியபோது எனக்குத் தெரிந்தே இருந்தது. சிறியது என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் அது சிறியதாகவே இருந்திருக்கும். வாய்க்கால் கரையில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே சட்டகத்தை வைத்தாலும் புல் இருக்கும். முறை தவறினாலும் விடை பெரிதாகத் தவறாது. இங்கே வாழ்வன எல்லாம் முள்ளுக்குள் ஒதுங்கி வாழ்கின்றன. முள்ளை விட்டுவிட்டு எண்ணினால் நிலம் இறந்துகிடப்பதாகவே கணக்கு வரும்.

திரும்பும் வழியில் ரேவதி பேசினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பசங்களுக்கும் நான் அந்தக் கையேட்டத்தான் சொல்லிக்கொடுக்குறேன். மறு வீச்சு எதுக்குன்னு எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. உங்க பேரு போட்ட புத்தகம்... கேக்கத் தோணல."

ஆட்டோ நெடுஞ்சாலையில் ஏறியதும் அவரே மறுபடி தொடங்கினார்.

"இன்னொண்ணு சார். அறிக்கை தப்புன்னு எழுதணும்னு அவசியமில்ல. அப்ப இல்லாத புல்லு இப்ப வந்திருக்குன்னு எழுதலாம். நெலமும் தப்பிக்கும். உங்க பேருக்கும் ஒண்ணும் வராது."

 அந்த யோசனை என்னுள் இறங்கிவிட்டது. அதை மறைப்பதற்கில்லை.

வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தை நாள் என்பதை மூவரும் மறந்துவிட்டோம். விடிந்து சற்று நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது சாலை முழுவதும் ஆடுகள். சரக்கு வண்டிகளிலும், இரு சக்கர வண்டியில் ஓட்டுபவரின் மடியிலும், ஒரு பேருந்தின் கடைசி இருக்கையிலும் ஆடுகள். ஆட்டோ நகரவில்லை. சந்தையிலிருந்து இரண்டு ஆட்டுக் கிடாய்களை இழுத்து வந்த முதியவர் ஒருவர் காஜாவைப் பார்த்து, "ஏலே அப்பு, வண்டிய அமத்து. ஆடு மெரளுதுல்ல?" என்று அதட்டினார். "ஆடுதான் பெரியப்பு என் வண்டிய மெரட்டுது" என்றார் காஜா. கும்பகோணத்தில் ஒரு கோயில் திருவிழாவுக்கு நிற்பதைப் போல நாங்கள் நின்றோம். இத்தனை உயிர்களும் புல்லற்ற நிலத்தில் வளர்ந்தன என்றா எழுதினேன் என்ற கேள்வி, கேட்க வேண்டிய காலம் கடந்து, அங்கே எழுந்தது.

அன்று வீச்சு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். நிலத்தின் ஓர் ஓரமாகக் கயிறு கட்டி மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். எண் எழுதிய சீட்டுகளைச் சுருட்டி ஒரு சொம்பில் இட்டோம். இரண்டு சீட்டு எடுக்க வேண்டும்: கயிற்றில் எத்தனையாம் முடிச்சு என்பது ஒன்று, அங்கிருந்து உள்ளே எத்தனை அடி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. சீட்டு எடுக்கும் பொறுப்பை வெள்ளையம்மாளிடம் தந்தேன்.

"இது பூப் போட்டுப் பாக்குறதுல்ல?" என்றார் அவர். இப்பகுதியில் ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்று தெரியாதபோது, வெள்ளைப்பூ ஒரு பொட்டலமும் சிவப்புப்பூ ஒரு பொட்டலமும் கட்டிக் கோயிலில் சாமி முன் போட்டு, எதிலென்ன பூ என்று அறியாத ஒருவரை எடுக்கச் சொல்வது வழக்கம்.

"ஏறக்குறைய அதுதான். எடுப்பவருக்குத் தெரியக் கூடாது."

அவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சீட்டெடுத்தார். காஜா அடி அளந்தார். முதல் நான்கு இடங்களில் இரண்டு வெளியிலும் இரண்டு புதர் ஓரத்திலும் அமைந்தன. ஐந்தாவது, அந்த நிலத்திலேயே பெரிய சங்கமுள் புதரின் நட்டநடுவே வந்து நின்றது. ஆள் நுழைய வழியில்லை.

"வேறு சீட்டு எடுங்கள்" என்றேன். முப்பது ஆண்டுப் பழக்கம் வாயில் இருந்தது.

வெள்ளையம்மாள் சொம்பின் வாயை உள்ளங்கையால் மூடினார். "அதெல்லாம் கூடாதுய்யா. பூ வந்தது வந்ததுதான். புடிக்கலேன்னு ரெண்டாம் வாட்டி கேட்டா, அப்புறம் சாமி எதுக்கு?"

என் நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் இதைவிடத் தெளிவாக இந்த விதியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

பற்றவைத்த சட்டகம் புதருக்குள் நுழையாது. அதைக் காஜாவிடம் கொடுத்துவிட்டு, அதன் பக்க அளவுக்கே நான்கு குச்சி வெட்டச் செய்தேன். தனித்தனிக் குச்சியை உள்ளே செருகித் தரையில் சதுரமாக்கலாம். ரேவதி தாம் போவதாகச் சொன்னார். மறுத்தேன். வெள்ளையம்மாள் தொரட்டியால் கிளைகளை மேலே தூக்கிப் பிடிக்க, சாக்கைத் தரையில் விரித்து, குப்புறப் படுத்துத் தவழ்ந்தேன். என் தொப்பி கிளையில் மாட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டது. சட்டையும் முன்கையும் கிழிந்தன.

"அன்னைக்கு நெழல்ல நின்னீங்க. இன்னைக்கு முள்ளுக்குள்ள படுத்திருக்கீங்க" என்றது மேலிருந்து குரல். "பாத்தவொடனே தெரிஞ்சிருச்சுய்யா. வாய்விட்டுச் சொல்லட்டும்னு இருந்தேன்."

நான் வாய்விட்டுச் சொன்னது செடிகளின் பெயர்களை. கொழுக்கட்டைப் புல், மூன்று தூர். முசுமுசுக்கை. கோவைக்கொடி. பிரண்டை. பறவை எச்சத்தில் முளைத்த வேப்பங்கன்று ஒன்று. புல்லின் தூரை விலக்கிப் பார்த்தேன். அடி கறுத்து, பழைய தாள்கள் அடுக்கடுக்காக மட்கி, கல்லைப் போல் இறுகியிருந்தது. அண்மையில் வந்து குடியேறிய புல்லன்று அது. ரேவதி வெளியில் எழுதிக்கொண்டிருந்தார். அவர் குரல் மட்டும் கேட்டது: "இன்னும் இருக்கா சார்?" இருந்தது.

மாலை வரை எல்லாச் சீட்டுகளையும் முடித்தோம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. நடுவில் வெள்ளையம்மாள் தூக்குவாளியிலிருந்து கம்பஞ்சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பகிர்ந்தளித்தார். "செத்த நேரம் உக்காந்து தின்னுங்க. புல்லு எங்கயும் ஓடிராது." என் முன்கையில் மஞ்சளைக் குழைத்துத் தடவியதும் அவரே. ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் இடையே, "நாளைக்கு நெலம் போயிருச்சுன்னா ஆடுகள வித்துட்டுத் திருப்பூருக்குத்தான் போகணும். எம் மக அங்கதான் இருக்கா. ஆனா எனக்கு அந்த ஊருல என்ன வேல தெரியும்?" என்றார். யாரையும் பார்த்து அவர் அதைக் கேட்கவில்லை.

அன்று இரவே ரேவதியின் வீட்டில் அமர்ந்து வாக்குமூலத்தை எழுதினேன். "இந்நிலத்தில் தற்போது பல்லாண்டுப் புல்லினங்கள் காணப்படுகின்றன." நன்கு அமைந்த வாக்கியம். பொய் என்று எவரும் அதைச் சுட்ட முடியாது. "தற்போது" என்ற ஒரு சொல்லை முன்னால் நிறுத்தி, முப்பது ஆண்டுகளை அதன் பின்னால் ஒளித்துவைத்தேன். ரேவதி படித்துப் பார்த்துத் தலையசைத்தார். எங்கள் இருவர் முகத்திலும் நிம்மதி இருந்ததாக நினைவு.

வெள்ளிக்கிழமை விசாரணை ஓர் அரசு அலுவலகத்தின் சிறிய கூடத்தில் நடந்தது. விசாரித்த அதிகாரி பொறுமையானவர்; காகிதங்களைத் தாமே படித்துவிட்டு வந்திருந்தார். கடைசி வரிசையில் வெள்ளையம்மாளும் ஊரார் நால்வரும். கிடங்கின் சார்பில் பேச வந்தவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், இன்சொல்லர். என்னைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார்.

என் வாக்குமூலம் படிக்கப்பட்டது. அதிகாரி அவரைப் பார்த்தார். அவர் மறுக்கவே இல்லை.

"ஐயா சொன்னா சரிதானுங்க. இன்னிக்கு இருக்குது, நாங்களும் ஒத்துக்கறோமுங்க. ஆனா ஐயாவே அன்னிக்கு வந்து பாத்து இல்லைன்னு எழுதியிருக்காருங்களே? அப்போ என்ன அர்த்தமுங்க? ரெண்டு நல்ல மழை பேஞ்சுது, மொளைச்சுது. அடுத்த பஞ்சத்துல பழையபடி ஒண்ணுமில்லாமப் போயிருமுங்க. நிலையான மேய்ச்சல் இல்லைன்னு ஐயா அன்னிக்கே போட்டுட்டாருங்க. அவர் எழுதுனா எழுதுனதுதானுங்க." என் பக்கம் திரும்பி, "ஏனுங்க ஐயா, சரிதானுங்களே?" என்றார்.

என் வாழ்நாளில் என்னை இவ்வளவு மதித்து யாரும் தோற்கடித்ததில்லை. அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டார். "அப்படித்தானா சார்? அப்போ இல்லாம இருந்து, இப்ப வந்ததா?"

ஆம் என்று சொன்னால் என் இரு வாக்கியங்களும் நிற்கும். நிலம் போகும். ரேவதி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன். "அன்னிக்கும் இருந்தது. நான் பார்க்கலை."

எழுந்து நின்றே சொன்னேன். மறுவீச்சைப் பற்றிச் சொன்னேன். சட்டகம் முள்ளில் விழுந்த ஒவ்வொரு முறையும் எடுத்து வெளியில் வீசச் சொன்னது நான்தான் என்றும், நிலத்தில் புல் வாழக்கூடிய இடங்கள் அவை மட்டுமே என்றும், ஆகவே என் கணக்கு நிலத்தின் கணக்கு அன்று, ஆடு மேய்ந்து முடித்த வெளியின் கணக்கு மட்டுமே என்றும் சொன்னேன்.

அதிகாரி என் அறிக்கையைப் புரட்டினார். "சம வாய்ப்பு முறையில ஆய்வு செய்ததா இங்க எழுதியிருக்கீங்களே சார்?"

"எழுதினேன். அது உண்மையில்லை. எழுதும்போதே எனக்குத் தெரியும்."

 பின்வரிசையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரி சற்று நேரம் எழுதினார். பின்னர் பழைய அறிக்கையைச் சான்றாகக் கொள்வதற்கில்லை என்றும், மழைக்காலத்திலும் கோடையிலும் ஒவ்வொரு முறை நிலத்தைப் புதிதாக ஆய்ந்து முடிக்கும் வரை கிடங்குக் கோரிக்கை நிறுத்திவைக்கப்படும் என்றும், அதுவரை மேய்ச்சலைத் தடுக்கக் கூடாது என்றும் படித்தார். பின்னாலிருந்து வெள்ளையம்மாளின் குரல் கேட்டது: "அப்ப நாளைக்கு ஆட்டப் பத்திக்கிட்டுப் போகலாம்ல?" போகலாம் என்றார் அதிகாரி.

ஒட்டன்சத்திரத்துக்காரர் காகிதங்களை அடுக்கினார். குரலில் மரியாதை குறையவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. ஐயா இதே முறையில ஊரு ஊருக்குப் போயி ரிப்போர்ட் எழுதியிருக்காருங்க. அதெல்லாமும் இப்படித்தானுங்களா?"

அதிகாரி கையை உயர்த்தினார். "சார், அது இந்த விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது. நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல."

அவர் எனக்கு நல்ல வழி ஒன்றைத் திறந்து வைத்தார். என் நூலலமாரியில் ஒரே நிற அட்டையிட்டு வரிசையாக நிற்கும் அறிக்கைகளை எண்ணிப் பார்த்தேன். அவற்றுள் எது எந்த அலுவலகத்துக் கோப்பில் எந்த நிலத்துக்கு எதிராக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"பதில் சொல்றேன்" என்றேன். "எழுதிக்கச் சொல்லுங்க."

ஓரத்தில் அமர்ந்திருந்த எழுத்தர் தாளைச் சரிசெய்துகொண்டார். ரெட்டியார்சத்திரத்தில் தொடங்கினேன். பிறகு வேடசந்தூர், நத்தம், வடமதுரை. ஒவ்வோர் ஊரிலும் எந்த நிலம், எந்தத் திசையில், என்ன புதர் என்று நினைவிலிருந்து சொன்னேன். எழுத்தர் தலை நிமிராமல் எழுதினார். தாளின் அடிவரை வந்ததும் நிறுத்தி, "அம்புட்டுத்தானா சார்?" என்று கேட்டார்.

"இல்லை. இன்னொரு தாள் எடுங்க" என்றேன்.